முப்பத்தாறு கறுப்பு முளைகள்

இந்த மேசையை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன், தவறாக நினைக்காதீர்கள். எழுதும்போது வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கண்டிப்பு. வலது பக்கத்திலிருந்து வந்தால் நம் கையின் நிழலே நம் எழுத்தின்மேல் விழும் என்பார். இருபத்தொன்பது வருடம் ஒருவரோடு வாழ்ந்தால் இதெல்லாம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

நீங்கள் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லி, அதை அந்தப் பெண் காவலர் தட்டச்சு செய்வதைவிட, நானே எழுதித் தந்துவிடுவது நல்லது என்று பட்டது, ஆய்வாளர் அம்மா. என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். மூன்று வருடமாக அவருடைய குறுக்கெழுத்துப் புதிர்களை நான்தான் நகல் எடுத்து வாரப் பத்திரிகைக்கு அனுப்பி வந்தேன். ஓர் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. இதிலும் இருக்காது.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கப்பல் நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். எத்தனை பெட்டி எந்தக் கப்பலில் ஏறியது, எத்தனை மூட்டை எந்தத் துறைமுகத்தில் நனைந்தது என்று பிரெஞ்சில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலை. கடிதத்தின் விஷயத்தில் அவருக்கு அக்கறை இல்லை. மேலே அச்சடித்திருக்கும் ஊர்ப் பெயர்களில்தான் மயங்கிப் போனார். அந்த ஊர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். பழைய நகரங்கள், மதில்கள், எண்ணூறு வருடத்துக்கு முந்தைய துறவி மடங்கள். வாரப் பத்திரிகையில் புதிர் போடும் வாய்ப்பு வந்ததும் அந்த மோகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். எந்த வாரமானாலும் கட்டத்தின் நடுவில் ஒரு பிரெஞ்சு ஊரோ ஒரு மடமோ இருக்கும். 'ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய தேவாலயம் இருந்த மடம், பிற்பாடு கல் கல்லாகப் பெயர்த்து விற்கப்பட்டது, இடமிருந்து வலம், மூன்று கட்டம்' என்றால் க்ளூனி. வாசகர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பத்திரிகையின் உதவி ஆசிரியர் அவருக்கு 'மடாதிபதி' என்று பட்டமே கட்டிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. வீட்டில் இருக்க மாட்டார், அவ்வளவுதான். உடம்பு இருக்கும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார்; ஆள் அவின்யோனில், ஆற்றின் பாதியில் நின்றுபோன அந்தப் பாலத்தின்மேல் நின்றுகொண்டிருப்பார். "உப்பு போதுமாங்க?" என்றால் "ம்" என்பார். உப்பே போடாத அன்றும் "ம்" தான். சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டாவது மாடியில் மூன்று அறை, பதினொரு புத்தக அலமாரி. தூசி தட்டுவது என் வேலை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த பிரெஞ்சு ஊர்களைப் பார்க்கப் போவது என்று முடிவு செய்திருந்தார். பல வருடமாகக் கடிதத்தில் பழகிய ஒரு பிரெஞ்சு குமாஸ்தா, வந்து தங்குங்கள் என்று எழுதியிருந்தார். இரண்டு மாதம். அதை என்னிடம் சொன்ன அன்று அவர் முகம் புதுமாப்பிள்ளை போல இருந்தது.

"நீ உங்க அக்கா வீட்ல ரெண்டு மாசம் ஜாலியா இருந்துட்டு வா" என்றார்.

"நானும் வரட்டுமா?"

"உனக்கு அங்க என்னம்மா இருக்கு? பழைய கல்லு, இடிஞ்ச சுவரு. போரடிக்கும் உனக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அங்கே ஒன்றும் இல்லைதான். எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான்.

அந்த வருடம்தான் கண் கோளாறு தொடங்கியது. கட்டத்தின் ஓரங்கள் தெரியவில்லை என்றார். அச்சகத்தில் மை சரியில்லை என்று உதவி ஆசிரியரோடு சண்டை போட்டார். கண்ணாடியை மாற்றினார். படியில் ஒரு நாள் தடுக்கி விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டபோதுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறியிருக்கிறது, சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுகிறேன் என்றார் மருத்துவர்.

ஒரு வாரம் கழித்து ஒரு மாலை நேரத்தில் கடிதம் வந்தது. இரண்டு தாள். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவரால் அதை வாசிக்க முடியவில்லை. "நீயே வாசிச்சு சொல்லு" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். முகத்தையும் திருப்பினார். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், நான் சொல்லி முடிக்கும்வரை அவர் முழுசாகக் கேட்டது அன்றுதான்.

முதல் தாளில் அழுத்தம் எவ்வளவு, எந்தச் சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் விட வேண்டும் என்று இருந்தது. வாசித்தேன். இரண்டாவது தாளில் ஒரே பத்தி. மூன்று மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் இருக்கும் பார்வை கடைசிவரை நிற்கும், தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும், போனது திரும்பாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க."

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கையிலிருந்த முதல் தாளைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான். சாப்பிட்டபின் இரண்டாவது தாளைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர், "வாசிக்கிறது நல்லா இருக்கும்மா. அந்தப் பச்சை அட்டைப் புஸ்தகத்த எடு, க்ளூனி இருக்கும்" என்றார். படித்து, தமிழில் சொன்னேன். இடையிடையே நிறுத்தி, "அந்த இடத்த இன்னொரு தடவ சொல்லு" என்றார். மறுநாள் கார்கசோனின் இரட்டை மதில். அதற்கு மறுநாள் வேறொன்று. சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார்கள். வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னேன். மூன்று மாதம் போனது. அதற்குப் பிறகு சொன்னால் வருத்தப்படுவார் என்று தோன்றியது.

சொட்டு மருந்தைப் பற்றியும் நீங்கள் கேட்டீர்கள். முதல் குப்பி தீர்ந்ததும் அதைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டிய தண்ணீர். சுத்தத்தில் நான் குறை வைக்க மாட்டேன். காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு, ஒரு வேளை தவறியதில்லை. அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டுதான் விடுவேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்வார்கள்.

ஒன்றரை வருடத்தில் பார்வை முழுவதும் போய்விட்டது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கட்டம் கட்டமாகக் கறுப்பு ஏறிக்கொண்டு வந்ததாக அவரே சொன்னார். வேலையை முன்னதாகவே விட்டார். பிரெஞ்சு குமாஸ்தாவுக்கு, வர இயலாது என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், எனக்கு அந்த மொழி தெரியாது அல்லவா. அன்றைக்கு அழுதார். அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பால் நான்தான் துடைத்துவிட்டேன்.

புதிரை விட்டுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் விடவில்லை. ஒரு தச்சரிடம் சொல்லிப் பலகை செய்தேன். பதினொன்றுக்குப் பதினொன்று, நூற்று இருபத்தொரு குழி. கறுப்புக் கட்டம் வர வேண்டிய குழியில் செருகுவதற்கு முப்பத்தாறு மர முளைகள், தலை தட்டையாக, கோட்டுப் பொத்தான் அளவில். அவர் விரலால் தடவி, முளைகளை நட்டு, கட்டத்தை மனதில் வாங்கிக்கொண்டு பதில்களைக் கோப்பார். நான் தாளில் வரைந்து எழுதுவேன். மேலே ஒரு முளை வைத்தால் கீழே நேரெதிரில் இன்னொன்று வைப்பார். இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கடைசியில் தாளின் அடியில் கையெழுத்துப் போடுவார். அவர் சுட்டுவிரலைப் பிடித்து அந்த இடத்தில் நான் வைப்பேன்.

முளைகளுக்குக் கறுப்பு வண்ணம் அடித்தது உதவி ஆசிரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பால்கனியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அடித்தார்.

"குருடனுக்கு எதுக்குடா கறுப்பு பெயின்ட்?" என்றார் இவர்.

"உங்களுக்கு வேணாம் மடாதிபதி. எனக்குத் தெரிய வேணாமா? அண்ணி, இவருக்கு ஒரு பிரஷ் குடுங்க, சும்மா உக்காந்து வாய் பேசறாரு."

"என் கையில குடுத்தா உன் சட்டைக்குத்தான் அடிப்பேன்."

அந்த நாட்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். புதன்கிழமை தோறும் உதவி ஆசிரியர் வந்து புதிரைப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வாங்கிப் போவார். மற்ற நாளெல்லாம் நாங்கள் இருவர் மட்டும். பிரெஞ்சுப் புத்தகங்கள் இனி யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆங்கிலப் புத்தகங்களை நான் படித்துத் தமிழில் சொன்னேன். என் குரல் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். நான் குளிக்கப் போனால்கூட, "எங்கம்மா இருக்க?" என்று இரண்டு முறை கூப்பிடுவார். இருபத்தாறு வருடம் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

போன வருடக் கடைசியில் புத்தகங்கள் தீர்ந்துபோயின. எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. அவர் மறுபடி மௌனமாகத் தொடங்கினார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. அதனால் பச்சை அட்டைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஓர் ஊரை வாசித்தேன்.

வெர்லமோன் என்று பெயர் வைத்தேன். ஆறு ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும். மேட்டின்மேல் ஒரு மடம். புதிதாக ஒருவர் மடத்தில் சேரும்போதெல்லாம் தோட்டத்தில் ஒரு பேரிக்காய் மரம் நடுவார்கள். அங்கே ஏடுகளை நகல் எடுத்து எடுத்தே கண் போன ஒரு துறவி இருந்தார். ஊரிலிருந்து ஒரு பெண் தினமும் மேடேறி வந்து, அவர் அறையின் சின்ன ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டுவாள். நாற்பது வருடம் வாசித்தாள். எனக்கே ஆச்சரியம், தங்குதடையில்லாமல் வந்தது.

"எந்தப் பக்கத்துல இருக்கு இது? எப்படி விட்டேன் நான்?" என்றார்.

"நானூத்துப் பன்னெண்டு" என்றேன், வாயில் வந்ததை.

"எல்லா ஊரையும் விட இங்கதான் போகணும் போல இருக்கும்மா."

அந்த ஊரைப் பற்றி மட்டும் பதினைந்து நாள் கேட்டார். பிறகு புதிரின் நடுவில் அதை வைத்தார். 'கண்ணிழந்த எழுத்தருக்கு ஒரு பெண் ஜன்னல் வழியே வாசித்துக் காட்டிய பழைய பிரெஞ்சு நகரம்.' நான் தடுத்திருக்கலாம். ஆனால் அது அச்சில் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவருடைய ஊர்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. என்னுடையது ஒன்று.

விடை வெளியான அடுத்த புதன்கிழமை உதவி ஆசிரியர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மடாதிபதி, உங்களுக்கு ஒரு காதல் கடிதம்."

"பொண்ணு யாரு?"

"எழுபது வயசு. ரிட்டையரான பூகோள டீச்சர்."

வாசித்துக் காட்டினார். மூன்று வரைபடங்கள், இரண்டு ஊர்ப்பெயர் அகராதிகள், அந்த நாட்டிலேயே குடியிருக்கும் தன் மருமகன் என்று எல்லாரிடமும் கேட்டுவிட்டதாகவும், வெர்லமோன் என்று ஓர் ஊர் இல்லவே இல்லை என்றும், இருந்திருந்தால் தனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும் என்றும் அந்த அம்மாள் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சருக்கு வயசாயிடுச்சு. டேய், அந்தப் பச்சை அட்டைய எடு. நானூத்துப் பன்னெண்டாம் பக்கம். வாசிச்சு அவங்களுக்கு நகல் எடுத்து அனுப்பு."

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மடாதிபதி, இது முன்னூத்தித் தொண்ணூத்தாறோட முடியுதே."

"அண்ணி வேற புஸ்தகத்துல பாத்திருப்பாங்க, விடுங்க" என்று அவரே சமாளித்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இவர் வெகுநேரம் பலகையின் குழிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வெர்லமோன் நீ பண்ணதா?"

"ஆமாங்க."

"ஜன்னலுக்கு வெளிய உக்காந்து வாசிக்கிற அந்தப் பொண்ணும்?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்து, "வேற எதெல்லாம் புஸ்தகத்துல இல்ல?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள், "ஆஸ்பத்திரி லெட்டர எடுத்துட்டு வா" என்றார்.

ஏன் அதைக் கிழித்துப் போடவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். நான் எதையும் கிழித்துப் போடுகிறவள் இல்லை. கோப்பில் தேதிவாரியாக இருந்தது. எடுத்து வந்து முதல் தாளை வாசித்தேன். கையை நீட்டினார். கொடுத்தேன்.

"ரெண்டு தாள் இருக்கு. நீ ஒண்ணுதான் வாசிச்சே."

"ரெண்டாவது வெத்துத் தாளுங்க."

கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். இரண்டாவது தாளின் அடியில் ஆஸ்பத்திரியின் முத்திரை அழுத்தியிருந்தது. மை முத்திரை இல்லை, காகிதத்தைப் புடைக்க வைக்கும் முத்திரை. என் கண் அதை ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. அவர் விரல் நின்றுவிட்டது. அந்த விரலுக்கு அவ்வளவு கூர்மை வந்தது நான் செய்துகொடுத்த பலகையால்தான்.

"வெத்துத் தாளுக்கு யாரும்மா சீல் வெப்பாங்க?"

அதற்குமேல் மறைப்பது அழகில்லை என்று முழுசாக வாசித்தேன். மருந்தைப் பற்றிக் கேட்டார். தண்ணீர் என்றேன். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் எழுந்து நின்று, "அவனக் கூப்பிடு. நான் அவன் வீட்டுக்குப் போறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாடிப்படியின் கைப்பிடி ஓரிடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நீங்களும் ஏறி வரும்போது பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட படியில், மனம் சரியில்லாத நேரத்தில், கண் தெரியாத ஒருவரை எப்படி விடுவது? அறைக் கதவை வெளியே பூட்டினேன். அவருடைய கைபேசியை எடுத்துத் துணி அலமாரியில் வைத்தேன்.

முதல் இரண்டு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினார். கீழே தையற்கடை வைத்திருப்பவர் மேலே வந்து விசாரித்தார். கண் போனதிலிருந்து மனசும் கொஞ்சம் தடுமாறுகிறது, மருந்து தருகிறோம் என்றேன். பாவம், அவர் கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை இவர் கத்தியபோது தெருவிலிருந்தே அவர், "ஒண்ணும் இல்ல சார், அக்கா இப்ப வந்துருவாங்க, தண்ணி குடிச்சிட்டுப் படுங்க" என்று சமாதானம் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு இவர் கத்தவில்லை.

உதவி ஆசிரியரிடம், புதிரில் தப்பு வந்த அவமானத்தில் யாரையும் பார்க்க மறுக்கிறார் என்று சொன்னேன். அவருக்கு அது நம்பும்படியாக இருந்தது. இருபது வருடத்தில் வந்த முதல் தப்பு அல்லவா. உறையை நானே கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். மூன்று வாரம் புதிரை நானே போட்டேன். ஒரு வாசகர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நாட்களில் என்னாலும் எங்கும் போக முடியவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். காய்கறி வாங்கப் போனால் பாதிச் சாமானோடு ஓடி வருவேன். அக்கா மகளின் நிச்சயத்துக்குப் போகவில்லை. சாவி இடுப்பிலேயே இருந்து, அந்த இடத்தில் தோல் கறுத்துவிட்டது. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். உள்ளே கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது. தெரியாமலே வாசித்தேன்.

நாலாவது வாரம் உள்ளிருந்து, "பலகைய கொண்டா" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு கேட்ட குரல். உடனே கொண்டுபோய் வைத்தேன். பழையபடி முளைகளை நட்டார், பதில்களைச் சொன்னார், நான் எழுதினேன். ஃபோந்த்தெவ்ரோவை நடுவில் வைத்தார். 'ராணியும் அரசர்களும் புதைக்கப்பட்ட மடம், பிற்காலத்தில் சிறைச்சாலை.' அடுத்த வாரம் க்ளேர்வோ, அதுவும் சிறையான மடம். அதற்கடுத்த வாரம் கடலுக்கு நடுவில் பாறைமேல் நிற்கும் மோன் சேன் மிஷெல், அதுவும் அப்படியே. சரித்திரத்தில் உள்ளதுதான், நான் சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

வாரத்துக்கு இரண்டு கறுப்புக் கட்டம் குறைந்துகொண்டு வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. முப்பத்தாறு முப்பத்துநாலாயிற்று, முப்பத்திரண்டாயிற்று. கறுப்பு குறையக் குறையப் புதிர் போடுவது கஷ்டம். பதில்கள் ஒன்றையொன்று நெருக்கும், ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. கண் இருந்த காலத்தில்கூட அவர் அப்படி முயன்றதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"முளை குறையுதேங்க, எங்க போச்சு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கைதவறி உருண்டிருக்கும். கட்டிலுக்கு அடியில பாரு."

முட்டி போட்டுத் தேடினேன். நான் தேடும் சத்தத்தை அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. காற்று வேண்டும் என்று அவர் கேட்டு, நான்தான் திறந்துவிட்டிருந்தேன்.

மற்றதை உங்களுக்கு உதவி ஆசிரியர் சொல்லியிருப்பார். இருபது கறுப்போடு போன புதிரைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மடாதிபதி கால்ல விழுந்து கும்பிடணும் அண்ணி, ஒரே நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்" என்று வந்தார். காய்ச்சல் என்று படியிலேயே திருப்பி அனுப்பினேன். அவர் சட்டைக் கையில் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். கீழே தையற்கடையில் தைத்துக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார். தையற்காரர் பொத்தான் டப்பாவைத் திறந்திருக்கிறார். கடை வாசலில் கட்டியிருக்கும் தார்ப்பாயின்மேல் வாரா வாரம் இரண்டு இரண்டாக விழுந்ததை, யாரோ கோட்டிலிருந்து உதிர்ந்த பொத்தான் என்று எடுத்துப் போட்டு வைத்திருக்கிறார். துளை இல்லாத பொத்தான் என்று அவரே சிரித்தாராம். பதினாறு. தான் அடித்த வண்ணத்தை உதவி ஆசிரியருக்குத் தெரியாமல் போகுமா? அன்று பால்கனியில் தூரிகை முடி ஒன்று வண்ணத்தோடு ஒட்டிக்கொண்ட முளையும் அதில் இருந்ததாம்.

ஒரு மணி நேரத்தில் நீங்கள் வந்துவிட்டீர்கள். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது கைப்பிடி ஆடும் இடத்தை நான்தான் எச்சரித்தேன். அவர் திரும்பவில்லை. திரும்பினாலும் அவருக்கு என்ன தெரியப்போகிறது?

இப்போது உதவி ஆசிரியர் வீட்டில் இருக்கிறார் என்றீர்கள். அங்கே அவருக்கு யார் வாசிக்கிறார்கள்? உதவி ஆசிரியருக்கு அவசரம் அதிகம், வரிகளை விழுங்குவார். கண்ணில் சொட்டு விடும்போது இவர் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்க வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இனி மருந்து விட்டும் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். பழக்கத்துக்காகவாவது விடலாம்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு தாளை வாசிக்காமல் விட்டேன், குப்பியில் தண்ணீர் ஊற்றினேன், ஒரு கதவைப் பூட்டினேன். மூன்றையும் நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் பங்கில்லை. என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். ஆனால் அவர் என்னை வெறுப்பதாக நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது. அவர் என்னை மன்னித்துவிட்டார், எழுத்தில் இருக்கிறது. 'என் மனைவி செய்ததெல்லாம் என்மேல் உள்ள பிரியத்தால்தான், அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எஞ்சிய காலத்தை அவளோடு இருக்கவே விரும்புகிறேன்.' போன வாரத் தேதி போட்ட அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்து என்னுடையது. அவர் மனதில் இருப்பதை இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் வாயால் சொல்லித்தான் நான் எழுத வேண்டுமா? கீழே கையெழுத்து அவருடையது, எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். வழக்கம்போல அவர் சுட்டுவிரலைப் பிடித்து நான்தான் அந்த இடத்தில் வைத்தேன்.

"என்ன தாள் இது?" என்று கேட்டார்.

அடுத்த வாரப் புதிர் என்றேன்.